யோர்க் நகரில் நாற்கால் விருந்தினர்

இங்கிலாந்தின் வடபாகத்தில், ஊஸ் என்னும் ஆற்றின் இரு மருங்கிலும் அமைந்திருப்பது யோர்க் நகரம். கி. பி. 71ஆம் ஆண்டளவில் உரோமப் படையினர் கோட்டை கட்டிக் குடியேறிய இடம் அது. கொன்ஸ்தந்தைன் என்பானைப் போர்வீரர்கள் தங்கள் சக்கரவர்த்தியென 306ஆம் ஆண்டில் ஆர்ப்பரித்து வாழ்த்தியதும் அங்கேதான். இலண்டன் மாநகரிலே புகையிரதம் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அந்நகரை அடைந்துவிடலாம்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பிரயாணியின் கண்ணிற் படுவது நகரைச் சூழ்ந்து நிற்கும் கல்மதில். சுமார் இரண்டு மைல் நீளத்துக்கு இன்றும் அது நிலைபெற்றிருக்கிறது. பகைவரைத் தடுப்பதற்கென எழுந்த அம்மதிலின் மீது இன்று பாலரும் முதியோரும் காலாற உலாவி வருகின்றனர். இளவேனிற் காலத்தில் அதன் புற்சரிவுகளெங்கும் மஞ்சள் நிற டஃபோடில் மலர்கள் பூத்துக் குலுங்கும்.

யோர்க்குக்குச் செல்வோர் தவறாது காண்பன சில உள. வானளாவி நிற்கும் பெருங் கோயில், வீட்டுக் கூரைகள் ஒன்றையொன்று முட்டுவனபோல் நிற்கும் ஷாம்பிள்ஸ் என்னும் குறுந்தெரு, பழைய புகையிரதங்களைப் பேணி வைத்திருக்கும் நூதனசாலை ஆகியன அவை. அவற்றைப் பற்றி எழுதியோர் பலர். நாம் வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புவது மதிலுக்கு வெளியே, பிரயாணிகள் அதிகம் நாடாத ஒரு மேட்டு நிலத்துக்கு. நோயாளரும் முதியோரும் தங்கும் இல்லங்களுக்கு நாய், பூனை முதலிய வளர்ப்புப் பிராணிகளை விருந்தினராக அழைக்கும் வழக்கம் இன்று பல நாடுகளிற் பரவியிருக்கின்றது. அவ்வழக்கத்தின் பழைய வேர்களுள் ஒன்று அம்மேட்டிலே ஊன்றியது.

வால்ம்கேற் வாயிலுக்கு அப்பால்

நகர மதிலின் தென்கிழக்குப் புறத்தில் வால்ம்கேற் என்னும் வாயில் இருக்கின்றது. இங்கிலாந்திலுள்ள நகர வாயில்களுள், முன்புறத்துக் காவல் முகப்புச் சிதையாமல் எஞ்சியிருப்பது இது ஒன்றே. அதைக் கடந்து ஹெஸ்லிங்டன் வீதி வழியே சிறிது தூரம் நடந்தால் பாதை மெல்ல மேலேறும். அங்கே, மரங்களின் நடுவே, செங்கல்லாற் கட்டிய நெடிய மாளிகை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு 'றிற்றீற்' என்று பெயர்; ஒதுங்கி இளைப்பாறும் புகலிடம் என்பது பொருள். நாமும் புகலிடம் என்றே இனி வழங்குவோம்.

அதன் வளவுக்குள்ளே லாமல் குன்று என்னும் சிறு மேடு ஒன்று உண்டு. 1644ஆம் ஆண்டு நிகழ்ந்த உள்நாட்டுப் போரிலே யோர்க் நகரை முற்றுகையிட்டோர் பீரங்கிகளை நிறுத்தியது அம்மேட்டின் மேலேதான். குண்டு மாரி பொழிந்த அதே மேடு, நூற்றைம்பது ஆண்டுகளின் பின், மனம் நொந்தோர் காற்று வாங்கும் தோட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. காலம் செய்யும் மாற்றங்களுள் இதுவும் ஒன்று.

காண விடாத கதவு

புகலிடம் எழுந்த வரலாறு துயரமானது. யோர்க் நகரிலே 1777ஆம் ஆண்டு மனநோயாளருக்கென ஒரு பொது ஆதுலர்சாலை நிறுவப்பட்டிருந்தது. 1790ஆம் ஆண்டு மார்ச் மாதம் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஹன்னா மில்ஸ் என்னும் விதவை அங்கே சேர்க்கப்பட்டாள். அவள் குவேக்கர் என்னும் சமயக் குழுவைச் சேர்ந்தவள். போரையும் ஆடம்பரத்தையும் வெறுத்து, மோன வழிபாட்டைப் போற்றுபவர்கள் குவேக்கர்கள். அவளுடைய சுற்றத்தார் தொலைவில் இருந்தமையால், யோர்க் நகரிலிருந்த அக்குழுவினரிடம் அவளைச் சென்று பார்க்குமாறு வேண்டினர். அவர்களும் சென்றனர். நோயாளி பிறரைச் சந்திக்கும் நிலையில் இல்லை எனக் கூறி ஆதுலர்சாலையார் அவர்களை வாயிலிலே திருப்பி அனுப்பினர். சில கிழமைகளுள் ஹன்னா மில்ஸ் இறந்துபோனாள். உள்ளே அவளுக்கு நேர்ந்தது யாதென்பதை வெளியே எவரும் அறியவில்லை.

இச்செய்தி வில்லியம் ரியூக் என்னும் வணிகரின் நெஞ்சைச் சுட்டது. அவர் தேயிலை, கோப்பி வியாபாரி. மருத்துவம் பயின்றவர் அல்லர். (அவர் குடும்பத்தாரின் கொக்கோ வியாபாரத்தையே 1862ஆம் ஆண்டு றவுண்ட்ரீ குடும்பத்தார் வாங்கினர். நம் பிள்ளைகள் விரும்பி உண்ணும் கிற்கற் சொக்கலேற் பிறந்தது அந்த றவுண்ட்ரீ தொழிற்சாலையிலேதான்.) தம் குழுவினர் நோயுறுங்கால் நண்பர் வந்து காணவும், அன்போடு நடத்தப்படவும் ஓர் இல்லம் வேண்டும் என 1792இல் அவர் குவேக்கர் சபையில் எடுத்துரைத்தார். அப்போது அவருக்கு வயது அறுபது. சிலர் ஐயுற்றனர், சிலர் எதிர்த்தனர். அவர் சளைக்கவில்லை. 1796ஆம் ஆண்டு, முப்பது பேர் தங்கக்கூடிய புகலிடம் திறக்கப்பட்டது.

நோயாளரைக் காண விடாது கதவடைத்த ஆதுலர்சாலையின் கதி என்னவாயிற்று என மாணவர்கள் கேட்கலாம். 1814ஆம் ஆண்டு நீதவான் ஒருவர் அங்கே சென்று ஒவ்வொரு கதவாகத் திறக்கச் செய்தபோது, மறைத்து வைக்கப்பட்டிருந்த அறைகளில் மனிதர்கள் அழுக்கிலும் நாற்றத்திலும் அடைபட்டுக் கிடந்தமை உலகுக்கு வெளிப்பட்டது. விருந்தினரை மறுக்கும் வீட்டில் எதுவும் நிகழலாம் என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முற்றத்து முயல்கள்

ரியூக்கின் பேரரான சாமுவேல் ரியூக் 1813ஆம் ஆண்டு புகலிடத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். முப்பத்து நான்கு வயது மதிக்கத்தக்க, மல்லனைப் போன்ற தோற்றமுடைய ஒருவனின் கதை அதில் வருகின்றது. முன்னிருந்த இடத்தில் அவனுக்கு இட்டிருந்த விலங்கை எவரும் கழற்றியதில்லையாம். உடையைக்கூட விலங்கோடு அணியவும் களையவும் ஏற்றவாறு கயிறு வைத்துத் தைத்திருந்தனராம். புகலிடத்தின் வாயிலிலே அவ்விலங்கு கழற்றப்பட்டது. மேற்பார்வையாளர்கள் இராப்போசனம் அருந்திக்கொண்டிருந்த அறைக்கே அவன் அழைத்துச் செல்லப்பட்டான். சுமார் நான்கு மாதங்களில் குணமடைந்து வீடு திரும்பினான். கட்டுப்பாடு அறவே இல்லாத இடம் அது என்று நாம் எண்ணலாகாது. பிறருக்குத் தீங்கு நேருமென அஞ்சிய வேளைகளில் கைகளைக் கட்டும் சட்டையை அங்கும் பயன்படுத்தினர். ஆயின் அதனை இறுதி வழியாகவே கொண்டனர்.

சன்னல்களில் இருந்தவை இரும்புச் சட்டங்களே. எனினும் வீட்டுச் சன்னலின் மரச்சட்டம்போலத் தோன்றும்படி அவற்றை அமைத்திருந்தனர். நோயாளரைத் தேநீர் விருந்துக்கு அழைப்பர். அவர்கள் தம் நல்ல உடையை அணிந்து வந்து, மரியாதையோடு அமர்ந்து பேசுவர். உலாவும் முற்றங்களிலோ முயல்களும், கடற்காகங்களும், வல்லூறுகளும், கோழிகளும் விடப்பட்டிருந்தன. அவை நோயாளரோடு நன்கு பழகின. அவற்றால் விளையும் குற்றமற்ற மகிழ்ச்சி மட்டுமன்று, பிற உயிரோடு பழகும் விருப்பும் பரிவும்கூட அவர்கள் உள்ளத்தில் மீண்டும் விழித்தெழும் என்பது சாமுவேல் ரியூக்கின் நம்பிக்கை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கின்றது. நோயாளியைச் சூழ்ந்திருப்போர் அனைவரும் அவனுக்கு ஏதேனும் செய்பவர்கள். ஊட்டுகின்றனர், உடுத்துகின்றனர், மருந்து தருகின்றனர். அவன் எதையும் செய்ய வேண்டியதில்லை, செய்யவும் விடுவதில்லை. முற்றத்து முயலோ அவனுக்கு எதுவும் செய்வதில்லை. அவன் கையிலிருக்கும் கீரையை அது எதிர்பார்த்து நிற்கின்றது. எல்லாரிடமும் வாங்கிக்கொண்டிருந்தவன் அந்தக் கணத்திலே கொடுப்பவன் ஆகின்றான்.

ஆந்தை வளர்த்த மாதரசி

பின்வந்தோர் பலர் இவ்வுண்மையை வெவ்வேறு வழிகளிற் கண்டனர். தாதியர் குலத்தின் முதல்விளக்கான புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1850ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரிலே சிறுவர் கையில் அகப்பட்டிருந்த ஓர் ஆந்தைக் குஞ்சை மீட்டு, அதீனா எனப் பெயரிட்டு, தம் சட்டைப்பையில் வைத்து வளர்த்தார். பாடம் செய்யப்பட்ட அதன் உடல் இலண்டனில் அவர் பெயரால் அமைந்த நூதனசாலையிலே இன்றும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. நோயாளர் பராமரிப்புப் பற்றி 1859இல் அவர் எழுதிய நூலில், நெடுநாட் பிணியாளருக்குச் சிறு வளர்ப்புப் பிராணி சிறந்த துணை என்று குறித்திருக்கின்றார்.

நியூ யோர்க் நகரிலே பொரிஸ் லெவின்சன் என்னும் உளவியலறிஞர், எவரோடும் பேசாதிருந்த சிறுவன் ஒருவன் தம் நாயாகிய ஜிங்கிள்ஸோடு தானாகவே உறவாடுவதைக் கண்டார். அதனைத் தொடர்ந்து 1962ஆம் ஆண்டு நாயைச் சிகிச்சைத் துணையாகக் கொள்வது பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். அறிஞர் சிலர் அவரை எள்ளி நகையாடினர். அமெரிக்காவிலே நியூ யோர்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலுள்ள சேஸ் நினைவு இல்லத்தில், 1991ஆம் ஆண்டளவில் பில் தோமஸ் என்னும் வைத்தியர் ஒரு துணிவான காரியம் செய்தார். முதியோரை வாட்டுவன தனிமை, இயலாமை, சலிப்பு என்னும் மூன்றே எனக் கண்டு, இரண்டு நாய்களையும் நான்கு பூனைகளையும் நூறு கிளிகளையும் இல்லத்துக்குள் வரவழைத்தார். கூடுகள் வந்து சேருமுன் கிளிகள் வந்துவிட்டன! கொண்டுவந்தவர் அவற்றைச் சிகை அலங்கார அறையில் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். வாய் திறவாத முதியோர் பலர் அந்த அமளியைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தனராம்.

இவ்வாறு பிராணிகளை இல்லத்திலேயே வளர்ப்பது ஒரு வழி. எல்லா இல்லங்களுக்கும் அது இயலாது. ஆதலின் ஒருவர் தம் வீட்டில் வளரும் நாயை அல்லது பூனையை வாரத்தில் ஒருநாள் இல்லத்துக்கு அழைத்துச் சென்று வருவது மற்றொரு வழியாக வளர்ந்தது. பிரித்தானியாவில் லெஸ்லி ஸ்கொற் ஓர்டிஷ் என்னும் அம்மையார் 1983ஆம் ஆண்டு தோற்றுவித்த 'பெற்ஸ் அஸ் தெறப்பி' என்னும் தொண்டர் சங்கம் இப்பணியை நாடெங்கும் நடத்துகின்றது. தொண்டருக்குக் கூலி இல்லை; நாய்க்குக் கிடைப்பதோ தடவல் ஒன்றே.

ஒரு செவ்வாய்க்கிழமை

யோர்க் நகரில் நாம் தங்கியிருந்த நாட்களில் எம் பழைய மாணவி ஒருத்தியைக் காணச் சென்றோம். யாழ்ப்பாணத்தில் எம்மிடம் தமிழ் பயின்றவள். இப்போது அந்நகரிலுள்ள முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக இருக்கின்றாள். நாம் சென்றது செவ்வாய்க்கிழமை பிற்பகல்.

"சேர், இன்றைக்கு நாய் வருகிற நாள். நின்று பார்த்துவிட்டுப் போங்கோ. மாப்பிள்ளை வீட்டார் வருகிறது மாதிரித்தான் எங்களுக்கு ஆயத்தம்" என்றாள் அவள்.

உண்மையும் அதுவே. நீள்கூடத்தில் கதிரைகள் ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்டுப் போடப்பட்டிருந்தன. தரையில் வழுக்கும் விரிப்புகள் அகற்றப்பட்டிருந்தன. ஒரு மூலையில் தண்ணீர்ப் பாத்திரம். அவள் கையில் ஒரு பட்டியல்: நாயைக் காண விரும்புவோர் யார், அஞ்சுவோர் யார், உரோமத்தால் இழுப்பு வருவோர் யார், தோலிற் புண் உள்ளோர் யார் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. உணவு அறைக்கும் சமையலறைக்கும் போகும் கதவுகள் சாத்தப்பட்டன.

குறித்த நேரத்துக்கு ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் கறுப்பு நிற லபிறடோர் நாயொன்றுடன் வந்து வாயிற் புத்தகத்தில் கையொப்பமிட்டார். நாய்க்கு வயது ஒன்பது, முகவாய் நரைத்திருந்தது. அது குரைக்கவில்லை, தாவவுமில்லை. ஊரிலே பழகிய பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வீடு சுகம் விசாரித்து வருவதுபோலக் கதிரைக்குக் கதிரை சென்று நின்றது.

ஒரு மூதாட்டி தலையை அசைத்து மறுத்தார். சிறுவயதில் நாய் கடித்ததாம். எம் மாணவி உடனே நாய்க்கும் அவருக்கும் நடுவே வந்து நின்று, வேறு வழியாக அதனை அழைத்துச் செல்லும்படி கூறினாள். "வேண்டாமென்றால் வேண்டாம்தான், சேர். இங்கே அவர்கள் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடிய காரியங்கள் கொஞ்சம்" என்றாள். அவ்வார்த்தை எம் நெஞ்சிற் பதிந்தது.

சன்னலோரம் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். இளமையில் மலைச்சாரலில் ஆடு மேய்த்தவர். நினைவு மங்கிவிட்டது, மகளின் பெயரும் சில நாட்களில் வருவதில்லையாம். நாய் அருகே சென்று அவர் முழங்காலில் முகவாயை வைத்தது. அவர் கை தானாக அதன் காதின் பின்புறத்தைத் தேடிச் சென்றது. நாய்க்கு எந்த இடத்திற் சொறிந்தால் இன்பம் என்பதை அந்தக் கை மறக்கவில்லை. சிறிது நேரம் கழித்து மிகத் தாழ்ந்த ஒரு சீழ்க்கை ஒலி அவர் வாயிலிருந்து எழுந்தது. ஆட்டு நாய்க்கு இடையர் கொடுக்கும் சைகை அது. லபிறடோருக்கு அது விளங்கவில்லை, ஆனால் அவர் தலையை நிமிர்த்தி எம் மாணவியை நோக்கி, "இதற்குத் தண்ணீர் கொடுத்தீர்களா?" என்று கேட்டார். காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தைகள் அவை என்று அவள் பின்னர் கூறினாள்.

காலையில் அவருக்குத் தண்ணீர் கொடுத்தவள் அவளே. பிற்பகலில் இன்னோர் உயிரின் தாகத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் புகலிடத்து முற்றத்திலே முயலுக்குக் கீரை நீட்டிய கையும் இந்தக் கையும் எமக்கு வேறாகத் தோன்றவில்லை.

சுமார் நாற்பது நிமிடம் சென்றபின் நாய் கொட்டாவி விட்டது. நாவால் உதட்டை நக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டது. இன்னும் இருவர் காத்திருந்தனர். ஆயினும் அந்த அம்மையார் எழுந்துவிட்டார். "அது களைத்துவிட்டது, அடுத்த கிழமை இவர்களிடமிருந்தே தொடங்குவோம்" என்றார். எம் மாணவி அவ்விருவர் பெயரையும் பட்டியலில் முதலாவதாக எழுதிக்கொண்டாள்.

விருந்தோம்புவார் கடமை

நாய் வருவது எளிது. அதனை வரவேற்பது எளிதன்று. தொண்டர் சங்கத்தார் எல்லா நாய்களையும் ஏற்பதில்லை. குட்டிப் பருவம் கடந்திருக்க வேண்டும். உடையவரோடு போதிய காலம் வாழ்ந்திருக்க வேண்டும். திடீரென ஓசை எழுந்தால் வெருள்கிறதா, காதையும் காலையும் வாலையும் அந்நியர் தொட்டாற் பொறுக்கிறதா, கையில் உள்ள தின்பண்டத்தை மெல்ல வாங்குகிறதா, கயிற்றை இழுக்காமல் நடக்கிறதா எனப் பரீட்சிப்பர். மனிதருக்குப் பரீட்சை வைக்கும் எமக்கு இந்தப் பரீட்சை மிகவும் நியாயமானதாகத் தோன்றியது. விடைகளை மனனம் செய்து எழுத முடியாத பரீட்சை அது!

இல்லத்தாருக்கும் கடமைகள் உண்டு. பிரித்தானியத் தாதியர் கல்லூரி 2018ஆம் ஆண்டு வைத்தியசாலைகளில் நாய்களை அனுமதிப்பதற்கென வழிமுறை ஒன்றை வெளியிட்டது. தடவுமுன்னும் தடவிய பின்னும் கை கழுவ வேண்டும். படுக்கையருகே வருமாயின் தூய விரிப்பு இட வேண்டும். நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியோர் வைத்தியரைக் கேட்டே அணுக வேண்டும். நாயை நோயாளியோடு தனியே விட்டுச் செல்லலாகாது. நாயும் களைக்கும், அஞ்சும், நோயுறும் என்பதை மறக்கலாகாது. இவற்றை வெறும் சட்டதிட்டங்கள் என்று எண்ணுவது தவறு. விருந்தினருக்கும் வீட்டாருக்கும் ஒருங்கே தீங்கு நேராமற் காப்பதே விருந்தோம்பல்.

இதனால் நோய் தீருமா என்று கேட்டால், அளந்து விடை கூற வேண்டும். மறதி நோயுடையோர் பற்றிய 9 ஆய்வுகளை, அவற்றில் அடங்கிய 305 பேரின் விவரங்களோடு, கொக்றேன் என்னும் ஆய்வமைப்பினர் 2019இல் ஒருங்கு சேர்த்து ஆராய்ந்தனர். மனச்சோர்வு சிறிது குறையலாம் என்பதற்கு மேல் உறுதியான பயன் எதனையும் அவர்கள் காணவில்லை. நாய் மருந்தன்று. அந்த முதியவரின் நினைவும் மறுநாள் திரும்பியிராது. ஆயினும் ஒரு பிற்பகலில் அரைமணி நேரம் அவர் நோயாளியாக அன்றி இடையராக இருந்தார். அதனை எந்த அளவுகோலால் அளப்பது என்பதை அறிஞர்களுக்கே விட்டுவிடுவோம்.

மீண்டும் அடைத்த கதவுகள்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது இங்கிலாந்தின் முதியோர் இல்லங்கள் வருவோருக்குக் கதவடைத்தன. நாய்களின் வருகையும் நின்றது. மக்களும் பேரரும் சன்னற் கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்தனர். பலர் தம் பெற்றோரின் கையைப் பற்றாமலே அவர்களை இழந்தனர். தொற்றைத் தடுக்க அது வேண்டியதாயிருந்திருக்கலாம். ஆனால் கதவடைத்தலுக்கும் ஒரு விலை உண்டு என்பதை எல்லாரும் அப்போது உணர்ந்தனர். நண்பர்கள் வாயிலிலிருந்து திருப்பப்பட்ட ஹன்னா மில்ஸின் கதையை யோர்க் நகரத்தார் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

புகலிடமும் மாறிவிட்டது. 2018ஆம் ஆண்டின் முடிவோடு, இருநூற்று இருபத்திரண்டு ஆண்டுகள் நடந்த உள்நோயாளர் பராமரிப்பு அங்கே நிறுத்தப்பட்டது. முற்றத்து முயல்கள் என்றோ மறைந்துவிட்டன. அதே வீதியில் மேலும் சென்றால் 1963இல் தொடங்கிய யோர்க் பல்கலைக்கழகத்தின் ஏரி தென்படும். அங்கே வாத்துகளும் பெருந்தாராக்களும் மாணவர்களுக்கு வழிவிடாமல் பாதையை மறித்து நிற்கின்றன. பரீட்சைக் கவலையோடு செல்லும் இளைஞர் அவற்றின் முன் நின்று புன்னகைப்பதைக் கண்டோம்.

நம்மவர் எண்ண வேண்டியது

விலங்கின் துணையை மதிப்பது நமக்குப் புதிதன்று. தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புகேன் என்று தருமர் மறுத்த கதையை நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். வைரவப் பெருமானின் ஊர்தியாகவும் நாயை வைத்துள்ளோம். எனினும் நம் வீடுகளில் நாயின் இடம் முற்றமே. ஆசாரம் கருதி அதனைத் தொடாத பெரியோரும் உளர். விசர்நாய்க்கடி நோயும் நம் நாட்டில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. ஆதலால் பிரித்தானியாவில் நடப்பதை அவ்வாறே கொண்டுவந்து நடுதல் அறிவுடைமையன்று. மிருக வைத்தியரின் சான்றும் தடுப்பூசியும் இல்லாத எந்த நாயும் எந்த இல்லத்தின் வாயிலையும் மிதிக்கலாகாது.

ஆயின் நாய்தான் வர வேண்டுமென்பதில்லை. வாழ்நாளெல்லாம் மாடு கறந்த ஆச்சி ஒருவருக்குக் கன்றுக்குட்டியைப் போன்ற விருந்தினர் வேறு உண்டா? முற்றத்திலே நாலு கோழி மேயவிட்டு, அவற்றுக்குக் குருணி போடும் பொறுப்பை ஓர் அப்புவிடம் ஒப்படைக்க எத்தனை பணம் வேண்டும்? புகலிடத்தார் வைத்திருந்தனவும் கோழியும் முயலுமே.

பிள்ளைகள் கடல் கடந்து வாழ, இங்கே முதியோர் இல்லங்களில் நாட்களை எண்ணிக்கொண்டிருப்போர் நம்மிடையே உளர். பணம் மாதந்தோறும் வருகின்றது. உணவும் மருந்தும் தவறாமற் கிடைக்கின்றன. அவர்களுக்குக் கிடையாதது, யாரிடமேனும் "சாப்பிட்டாயா?" என்று தாங்களே கேட்கும் வாய்ப்பு. மாணவர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள இல்லத்துக்கு ஒருமுறை சென்று வாருங்கள். உத்தரவு பெற்று, குறித்த நாளிற் போய், குறித்த நாளிலே திரும்பவும் போங்கள். விலங்கு இல்லாவிட்டாற் குறையில்லை. "தண்ணீர் குடித்தாயா, பிள்ளை?" என்று அங்குள்ள ஒருவர் உங்களைக் கேட்பாராயின், நீங்கள் சென்ற காரியம் நிறைவேறிற்று என்று கொள்ளலாம்.